கிடா கொண்டுவந்த நாடு

2005 ஆடி மாதத்து முதல் புதன்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு, கோட்டும் டையும் போட்ட ஒரு வெளிநாடு, கையில் கிடாவைப் பிடித்துக்கொண்டு ஒரகடம் எல்லையம்மன் கோயில் வாசலில் வந்து நின்றது.

நாடு என்பது துணைத் தூதர்தான். உலகப் படத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகும் அளவுக்குச் சின்ன நாடு. அந்த நாட்டுக்காரர்கள் ஒரகடத்தில் கார் சீட் தொழிற்சாலை வைத்திருந்தார்கள். புதன்தோறும் துணைத் தூதரை அங்கே அழைத்து வருபவன் டிரைவர் தசரதன்.

தசரதன் கார் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். செத்துப்போன ஊர்க் கிடாவை இடித்தது அவன்தான் என்று ஆகிவிட்டால், சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று தூதரக மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். பதினோரு வருடத்தில் அவன் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை.

புகார் கொடுத்தவர் முனிரத்தினம். அம்மனுக்கு நேர்ந்துவிட்ட தன் கிடாவைப் போன மாதம் ஒரு புதன்கிழமை நீல நம்பர் பிளேட் போட்ட தூதரக வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டதாக வக்கீல் நோட்டீஸ் விட்டிருந்தார். அதில் டிரைவர் பெயர் இல்லை. நாட்டின் பெயர்தான் இருந்தது.

பணம் வேண்டாம் என்று எழுதியிருந்தார். நேர்ந்துவிட்ட கிடாவைக் கொன்றவர் தன் கையாலேயே இன்னொரு கிடாவைக் கொண்டுவந்து, அம்மன் முன்னால் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்ட முடியாது. ஊர் வழக்கம் அது.

தூதரக வக்கீல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெளிநாட்டின்மேல் இங்கே வழக்குப் போட டெல்லி அனுமதி வேண்டும், அது வருவதற்குள் புதுக் கிடா பேரன் பேத்தி எடுத்துவிடும் என்றார்.

துணைத் தூதர் சிரிக்கவில்லை. அடுத்தவர் மண்ணில் தப்புச் செய்துவிட்டுச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிவது தன் நாட்டுக்கு அழகில்லை என்றார். படப்பைக்குத் தானே போய்க் கிடா வாங்கினார். யாரோ சொன்னார்கள் என்று அதன் பல்லைக்கூடப் பிடித்துப் பார்த்தார்.

கோயிலில் கால் வைக்க இடமில்லை. ஷிப்டு முடிந்து திரும்பிய கம்பெனி பஸ் ஒன்று நின்று வேடிக்கை பார்த்தது. எதிர் டீக்கடையில், முன்விளக்கு உடைந்த கவர்மெண்ட் ஜீப்பில் சாய்ந்துகொண்டு ஓர் அதிகாரி வடை தின்றபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா டிரைவரே, தொரைய சீக்கிரம் சொல்லச் சொல்லு. அம்மா காத்துகினு கீறா" என்றார் முனிரத்தினம்.

துணைத் தூதர் கைகூப்பினார். வழியெல்லாம் தசரதனிடம் கேட்டு மனப்பாடம் செய்ததைத் தமிழிலேயே சொன்னார்.

"எங்க நாடு இடிச்சுது. தப்பு எங்களுது."

பம்பை அதிர்ந்தது. பூசாரி காப்புக் கட்டினார். கிடா அந்த நாட்டின் கோட்டு நுனியை மென்றது.

நாடே ஒப்புக்கொண்ட பிறகு டிரைவரைக் கேட்க ஒன்றுமில்லை என்று துணைத் தூதர் தசரதன் தோளில் தட்டிவிட்டுப் போனார். சாவி தப்பித்தது. ஆனால் அவனுக்கு மனம் ஆறவில்லை. முனிரத்தினத்தை மெல்ல ஓரமாக அழைத்துப் போனான்.

"அண்ணா, அம்மா மேல சத்தியமா சொல்றேன். அன்னிக்கு வண்டில எதுவும் மோதல. பம்பர்ல ஒரு கீறல் இல்ல. நெஜமாவே நான்தான் இடிச்சனா?"

முனிரத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். டீக்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"இடிச்சது அதோ நிக்குதே, நம்ம கவர்மெண்ட்டு ஜீப்பு. அவங்க எந்தக் காலத்துல வந்து ஒத்துக்கினு, நாங்க எப்போ தம்பி காப்பு கட்றது?"