கண்ணம்மாவின் தண்ணீர் பாட்டில்

சிறந்த பொதுக் கட்டட விருதின் நடுவர் எட்மண்ட், பட்டாபிராம் மார்க்கெட்டில் அந்தக் கட்டடத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"இவ்ளோ சின்னதா? போட்டியில நூலகம், மியூசியம்லாம் இருக்கும்மா."

"தெரியும் சார். ஆனா விருது எனக்குத்தான்," என்றாள் அதை வடிவமைத்த ஜெனிஷா.

"அவ்ளோ நம்பிக்கையா?"

"அந்தப் பூக்காரம்மாவைக் கேளுங்க."

எட்மண்ட் கண்ணம்மாவிடம் போனார். "இது வந்ததுல உங்களுக்கு என்னம்மா லாபம்?"

கண்ணம்மா கூடைக்குப் பின்னாலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டினாள்.

"இருபது வருசமா இங்கதான் பூ விக்கிறேன் சார். பொழுது சாயுற வரிக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன். இப்ப தைரியமா குடிச்சிகினு கீறேன்."

எட்மண்ட் மதிப்பெண் தாளை எடுத்து நூற்றுக்கு நூறு போட்டார். அதற்கு நேரே அச்சாகியிருந்தது: 'பெண்கள் கழிப்பறை, பட்டாபிராம்.'