நான்சி எடுத்த லைப்ரரி

"எல்லாமே போயிடுச்சுப்பா."

ஜூடு ஃபோனை அப்பாவிடம் நீட்டினான். திரையில் ஒரே ஒரு பூஜ்யம்.

சவரிராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. சாப்பிட்டுவிட்டு செராமிக் எஸ்டேட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அங்கே அடுத்தவர் சூளையில் வாடகைக்குப் பீங்கான் ஃபியூஸ் கட்டை சுட்டு விற்பதுதான் அவர் பிழைப்பு.

"எதுடா போயிடுச்சு?"

"நிலம் வித்த பணம். அதை ஈடா வெச்சு ஷேர் மார்க்கெட்டுல பல மடங்குக்கு வாங்கியிருந்தோம். இன்னிக்கு ஒரேயடியா விழுந்துடுச்சு."

சவரிராஜ் கதவைப் பிடித்துக்கொண்டார்.

சொந்தமாக ஒரு சூளை போட வேண்டும் என்றுதான் திட்டக்குடிக்குப் பக்கத்து மங்களூரில் இருந்த நிலத்தை விற்றார். சூளை கட்டுகிறவர் வந்து இடம் பார்க்கும் வரை பணம் பத்திரமாக இருக்கட்டும் என்று, மருமகள் நான்சியின் கணக்கில் போட்டு வைத்திருந்தார்.

அடுப்படியிலிருந்து ஓடி வந்த அவர் மனைவி அன்னமேரி, விஷயம் தெரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரைக் கேட்டுடா போட்டீங்க?" என்றார் சவரிராஜ்.

"உங்க மருமகளைக் கேளுங்க. அவ எடுத்த லைப்ரரிதான் கவுத்துடுச்சு."

"லைப்ரரியா?"

"புஸ்தகம் இருக்கிற லைப்ரரி இல்லப்பா. யாரோ எழுதி நெட்டுல வெச்சிருக்கிற புரோகிராமு. அதை எடுத்து நம்ம புரோகிராமோட சேத்துக்கிட்டா, கம்ப்யூட்டரே விலையைப் பாத்து வாங்கும், விக்கும். நல்லதாப் பாத்து எடுன்னு சொன்னேன். இப்பிடிப் பண்ணி வெச்சிருக்கா."

அவ்வளவுதான் சொன்னான். மீதியை அவன் சொல்லவில்லை.

நான்சி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். பங்குச் சந்தைக் கணக்குகளுக்குப் புரோகிராம் எழுதுவது வேலை. யூடியூப் பார்த்து ஒரு ஃபார்முலாவைப் பிடித்து வைத்திருந்த ஜூடு, அதற்கு ஏற்ற லைப்ரரியைத் தேடச் சொல்லி அவளை நச்சரித்தான்.

அவளும் தேடினாள். ஒரு லைப்ரரி வெளிநாட்டுச் சந்தைக்கு மட்டும்தான் சரிப்படும் என்றாள். இன்னொன்றை எழுதியவரே பாதியில் விட்டுவிட்டார். வேறொன்றில் கணக்கே தப்பாக வந்தது. அவள் ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள ஜூடுவுக்குக் கோபம் ஏறியது.

"ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கிற. புருஷனுக்குன்னா ஒண்ணு கூடக் கெடைக்கலையா?"

"அது மாமா பணங்க. அவரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே."

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாரு. லாபத்தோட கையில குடுத்தா அவரே சந்தோஷப்படுவாரு. நீ வேலையைப் பாரு."

கடைசியில் அவள் ஒரு லைப்ரரியை எடுத்து, புரோகிராம் எழுதி ஓடவிட்டாள். அவன் ஃபோனிலேயே கணக்குத் தெரியும்படியும் செய்து கொடுத்தாள். முதல் மாதம் லாபம் ஏறிக்கொண்டே போனது.

"எல்லாம் நம்ம ஃபார்முலா" என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கூட்டாளிகளிடம் ஃபோனைக் காட்டினான் ஜூடு. லைப்ரரியைப் பற்றி அங்கே பேச்சே வரவில்லை.

இப்போது அறைக் கதவு திறந்தது. ஆபீஸ் மீட்டிங் முடிந்து, ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே வந்த நான்சி, மாமனார் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்னாச்சு மாமா? ஒடம்புக்கு முடியலையா?"

"இவன் கையில குடுத்தா நிக்காதுன்னுதாம்மா உன் கணக்குல போட்டேன்" என்றார் சவரிராஜ்.

"படிச்ச பொண்ணு, படிச்ச பொண்ணுன்னு தலையில தூக்கி வெச்சிக்கிட்டு ஆடினீங்களே" என்று அன்னமேரி கணவரைப் பார்த்து அழுதாள். "திங்கக்கிழமை சூளை கட்டுறவரு திட்டக்குடியிலேருந்து வராரு. அவருக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"

நான்சி ஜூடுவைப் பார்த்தாள்.

"மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லாம பின்ன? வூடே தெருவுக்கு வந்துடுச்சு. ஒரு லைப்ரரியை ஒழுங்காப் பாத்து எடுக்கத் தெரியல. நீயெல்லாம் என்னத்தைப் படிச்ச?"

நான்சி தன் ஃபோனை எடுத்து, பேங்க் கணக்கைத் திறந்து, மாமனார் கையில் வைத்தாள்.

"பாருங்க மாமா."

சவரிராஜ் ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"அப்படியே இருக்குதேம்மா."

"அப்படியேதான் இருக்குது மாமா. நான் அதைத் தொடவே இல்ல."

ஜூடு அந்த ஃபோனை வெடுக்கென்று வாங்கிப் பார்த்தான். பிறகு தன் ஃபோனைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்ப இந்தப் பூஜ்யம்?"

"விலையெல்லாம் நிஜந்தாங்க. போட்ட பணந்தான் பொய். பழகிப் பாக்கிறதுக்குன்னே இருக்கிற லைப்ரரி அது. அந்த மாதிரி ஒண்ணைத்தான் அத்தனை நாளாத் தேடினேன்."

அன்னமேரி அழுகையை நிறுத்திவிட்டு மருமகளையே பார்த்தாள்.

"அதை மொதல்லயே எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்றான் ஜூடு. சத்தம் இறங்கிவிட்டிருந்தது.

"லாபம் வந்துக்கிட்டிருந்தப்ப சொல்லியிருந்தா, மாமா பணத்தை அன்னிக்கே எடுத்துப் போட வெச்சிருப்பீங்க."