ஒரே காலையில் நாற்பத்தோரு சாவு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் என்னை நாற்பத்தோரு முறை கொன்றார்கள்.

கம்ப்யூட்டரில் வரைந்த கதாநாயகனுக்கு வலிக்கத் தெரியாது. அதனால் படப்பிடிப்பில் வலிக்கென்று ஓர் ஆளை வைக்கிறார்கள். நான் மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வுபெற்றவன். ஷாக்குக்குப் பழகிய உடம்பு. கம்பிகள் ஓடும் சட்டையை மாட்டிவிட்டார்கள்; அவனுக்கு விழும் வெட்டெல்லாம் அதன் வழியாக எனக்கு வலிக்கும். வேல் விலாவில் இறங்கியது, கோடாலி தோளைப் பிளந்தது, குடல் சரிந்தது. மேலே ஒரு கீறல் இல்லை. வலி மட்டும் அசல்.

"போதும், நிறுத்துங்கய்யா!"

"டைரக்டர் கட் சொன்னாத்தான் சார் நிக்கும்," என்றார் சண்டைப் பயிற்சியாளர். டைரக்டரோ என் அலறலில் சொக்கிப்போயிருந்தார்.

என் மனைவி செண்பகவல்லி நம்பவில்லை. "கொசு கடிச்சாலே ஊரைக் கூட்டுற ஆளு. வாட்ச்மேன் வேலைதானே குடுத்தாங்க?"

படம் வந்ததும் கூட்டிப்போனேன். திரையில் ஆறடி அழகன் குடலைக் கையில் ஏந்தி, "செம்பா, வலிக்குதுடி!" என்று என் குரலில் கதறினான். தியேட்டரே கைதட்டியது. அவளை அந்தப் பெயரில் நான் தனிமையில் மட்டுமே கூப்பிடுவேன்.

அவள் கைதட்டவில்லை. இருட்டில் என் சட்டையைத் தூக்கி, விலாவைத் தடவிப் பார்த்தாள்.

"நெசமாவே கொன்னுருக்கானுவ," என்றாள்.