டூப்பே கிடையாது

மூடிக்கிடந்த பஞ்சாலையின் முன்னால் சினிமா எடுத்த இடங்களைக் காட்டும் சுற்றுலா வேன் நின்றது. பட நாயகனான பறக்கும் வீரனின் உருவம் போட்ட பனியன்களோடு எல்லோரும் இறங்கினார்கள். ஸ்டெல்லா மட்டும் சேலையில் இருந்தாள்.

"இந்த மொட்டை மாடியிலேர்ந்துதான் நம்ம ஹீரோ குதிச்சாரு. டூப்பே கிடையாது!" என்று வழிகாட்டி மைக்கில் சொன்னதும் கைதட்டல் எழுந்தது.

ஸ்டெல்லாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஹீரோவின் உடையை மாட்டிக்கொண்டு அங்கிருந்து குதித்தவன் அவள் கணவன் சூசைராஜ். கயிறு அறுந்து விழுந்தவன் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். படத்தில் அவன் பெயர்கூட வரவில்லை. போட்டோ எடுக்க வரிசை கட்டி நின்றவர்களை விலக்கிக்கொண்டு போய், அவன் விழுந்த சிமெண்டுத் தரையின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, கொஞ்சம் நகருங்க. எல்லாரும் போட்டோ எடுக்கணும்ல?" என்றான் வழிகாட்டி.

"குதிச்சது என் புருசன். விழுந்து செத்ததும் அவருதான். சூசைராஜ்னு மைக்ல சொல்லு, எந்திரிக்கிறேன்."

வரிசை முணுமுணுத்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். வழிகாட்டி மைக்கை அணைத்துவிட்டுக் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "சூசைராஜ்" என்றான்.

"மைக்கைப் போடுடா" என்றாள் ஸ்டெல்லா.