மலையேறிய பாடம்

“டீ இல்லீங்க” என்றாள் கடைக்காரி, பொங்கி வரும் பாலைத் துழாவிக்கொண்டே.

ருக்குமணிக்குச் சுருக்கென்றது. நர்ஸுக்குப் படிக்கும் பெண்களுக்கு நாமக்கல்லில் பாடம் எடுக்கிறவள். காளப்பநாயக்கன்பட்டி தாண்டி வளைவுக்கு வளைவு திரும்பும் பஸ்ஸில் மலையேறி, செம்மேட்டில் இறங்கி, ஜீப் பிடித்து எடப்புளி நாடு என்ற மலைப்பகுதியின் இந்தச் சிற்றூருக்கு வந்திருக்கிறாள். பக்கத்தில் நின்றவருக்கு மட்டும் கடைக்காரி ஒரு டம்ளர் ஆற்றிக் கொடுத்தாள்.

வெளியூர்க்காரி என்றால் அவ்வளவு இளக்காரமா? திரும்பிப் போய் எழுதவேண்டிய அறிக்கையின் முதல் வரி மனசுக்குள் தயாரானது: ‘மலைவாழ் மக்களிடம் விழிப்புணர்வு அறவே இல்லை.’

கர்ப்பிணிகளுக்கான வீடியோ பாடங்கள் அவள் பெற்ற பிள்ளை மாதிரி. எழுதியது அவள், நடிக்க ஆள் பிடித்தது அவள், ஆள் வராத அன்றைக்குத் தானே கேமரா முன்னால் நின்றதும் அவள். விழா மேடையில் சால்வைகூடப் போர்த்தினார்கள். ஆனால் இந்த ஊரில் மட்டும் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. ஆளே இல்லாமல் சுவருக்குப் போட்டுக் காட்டுகிறார்களோ என்று அவளுக்குச் சந்தேகம்; அதைச் சோதிக்கத்தான் சொல்லாமல் வந்தாள்.

துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ் கலைச்செல்வி அவளைக் கண்டு எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

“மேடம், நீங்க வர்றீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...”

“சொல்லியிருந்தா? ஆளுங்களைக் கூட்டி உட்கார வச்சிருப்பியா?”

“இல்லீங்க மேடம். வேற யாரையாச்சும் அனுப்பச் சொல்லியிருப்பேன்.”

திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டாள் ருக்குமணி. வெளியே பரிசோதனைக்குக் காத்திருந்த கர்ப்பிணிகளிடம் போய், “எல்லாரும் வீடியோ பாத்தீங்களா கண்ணு?” என்று சிரித்தாள். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார்கள்.

அறிக்கைக்கு இரண்டாவது வரியும் கிடைத்தது: ‘பாடங்கள் ஒருவரையும் சென்றடையவில்லை.’

அப்போதுதான் ஊர்க்காரி அத்தாயி தன் மருமகள் பூங்குழலியைத் தாங்கிப் பிடித்தபடி வந்தாள். பனிக்குடம் உடைந்து சேலை நனைந்திருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடினாள் கலைச்செல்வி.

எத்தனையோ பிரசவம் பார்த்த கை ருக்குமணிக்கு. “இப்படிப் படுக்க வைம்மா, நான் பாக்கறேன்” என்று கிட்டே போனாள்.

“தொடாதே!” குறுக்கே வந்து நின்றாள் அத்தாயி.

“நான் நர்ஸும்மா. இவளை உடனே ஆஸ்பத்திரிக்கு...”

“அந்தப் பேச்சை நீ பேசாதே!”

காத்திருந்த பெண்களும் எழுந்து வந்து பூங்குழலியைச் சுற்றி வேலி மாதிரி நின்றார்கள். ருக்குமணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. வீட்டுப் பிரசவம் ஆளைக் கொல்லும் என்று உயிரைக் கொடுத்து எடுத்த பாடம் அத்தனையும் வீண்.

“இந்தப் புள்ளைய ஊட்டுலயே வச்சுக் கொல்லப் போறீங்களா?” என்று கத்தியே விட்டாள்.

“வண்டி வருதுங்க!” என்று மேட்டிலிருந்து கலைச்செல்வியின் குரல் கேட்டது.

மறுகணம் அத்தாயி கையோடு கொண்டுவந்திருந்த துணிமூட்டையைத் தோளில் மாட்டினாள். மருத்துவ அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, “வா சாமி, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்” என்று மருமகளை நடத்தினாள்.

ருக்குமணி திகைத்துப் போனாள். “போகத்தான் கிளம்பி வந்தீங்களா? பின்னே ஏம்மா என்னை மட்டும் கிட்டவே விட மாட்டேங்கறீங்க?”

அத்தாயி திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“வீடியோவுல உம் மருமவளை ஆஸ்பத்திரிக்கு விடாம சாவடிச்ச மாமியாக்காரி நீதானே!”