கழுத்தில் தொங்கும் அட்டை

இருளர் குடியிருப்பின் முதல் நர்ஸான தேவகி, வேலை முடிந்து நேராக வந்து பிள்ளைகளிடம் பேசினாள். "மனசு வச்சா யார் வேணா முன்னேறலாம்."

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் அஞ்சலை. பள்ளியில் தேவகியைவிட நாற்பது மார்க் கூட வாங்கியவள் அவள். நர்ஸ் படிப்பில் சேர, சாதிச் சான்றிதழுக்கு இருவரும் ஒரே நாளில்தான் மனு கொடுத்தார்கள். தேவகிக்கு மூன்றே மாதத்தில் வந்துவிட்டது. அஞ்சலையிடம் அதிகாரி, "உன்னப் பாத்தா இருளர் மாதிரி இல்லியே" என்றார். ஆறு வருடம் நடந்தும் கிடைக்கவில்லை.

பேச்சு முடிந்ததும் தேவகி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "நீயும் இன்னும் கொஞ்சம் முட்டி மோதியிருக்கலாம்டி."

அஞ்சலை, தேவகியின் கழுத்தில் தொங்கிய ஆஸ்பத்திரி அட்டையைக் கையில் எடுத்து, அதிலிருந்த முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தாள்.

"வுடுடி, பஸ்ஸு போயிடும்" என்று தேவகி சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகும் அஞ்சலை விடவில்லை.