எண்பத்தேழு சதவீதம்

திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது.

எண்பத்தேழு சதவீதம் காப்பி. பத்துக்கு மேல் போனால் ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள். வாங்காவிட்டால் இந்த வருடம் பட்டம் இல்லை. இன்றுதான் கடைசி நாள். மணி மூன்றே கால்.

ரீட்டா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து, மாணவர்களின் ஆய்வேடுகளை மென்பொருளில் போட்டுப் பார்த்துச் சான்று தருவது அவள் வேலை.

எதிரே நின்ற பிளெஸ்ஸி அதற்குள் பார்த்துவிட்டாள்.

"யாரோடதையோ மாத்திப் போட்டுட்டீங்களாக்கா?"

அவளுடையதுதான். கட்டுமாவடிக் கரையில் வலைக்கு வரும் நண்டுகள் பற்றியது. நான்கு மாதம், அப்பாவின் படகு கரையேறும்வரை காத்திருந்து, ஒவ்வொரு நண்டாக ஓட்டின் அகலத்தை அளந்து எழுதியிருந்தாள். விரல்களில் நண்டு கவ்விய காயங்கள் இன்னும் ஆறவில்லை.

ரீட்டா பக்கங்களை நகர்த்தினாள். அளவுகள் சிவப்பு. முடிவுரை சிவப்பு. 'என் அம்மா வியாகுலமேரிக்கு நன்றி' என்ற வரியும் சிவப்பு.

சான்றில் கையெழுத்துப் போட வந்த துறைத்தலைவர் கண்ணுசாமி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, நண்டைக்கூடவா நெட்ல புடிச்ச? அஞ்சு மணிக்குள்ள பத்துக்குக் கொண்டு வந்தா வாங்கிக்கிறேன். இல்லைன்னா அடுத்த வருசம் பாப்போம்."

போய்விட்டார்.

எதிலிருந்து காப்பி என்று மென்பொருள் காட்டிய கோப்பை ரீட்டா திறந்தாள். உடனே மூடினாள். முதல்வர் அறைக்குப் போன் செய்தாள். ஐயா திருச்சிக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள்.

பிளெஸ்ஸி அழவில்லை. பக்கத்துக் கணினியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எதை மாத்துறதுன்னு சொல்லுங்கக்கா. எல்லாமே நான் பாத்ததுதான்."

ரீட்டா திரையைப் பார்த்தபடி, வேறு வார்த்தை போட்டு எழுது என்று மட்டும் சொன்னாள்.

சின்ன நண்டு என்றிருந்ததை அளவில் குறைந்த நண்டு என்று மாற்றினாள் பிளெஸ்ஸி. முட்டையோடு இருந்தவற்றைக் கடலிலேயே விட்டோம் என்ற வரியில் வெகுநேரம் நின்றாள். அதை எப்படி வேறு மாதிரி சொல்வதென்று தெரியாமல், அழித்துவிட்டாள்.

நாலரைக்கு மறுபடி போட்டுப் பார்க்கச் சொன்னாள்.

போடுவதற்கு முன், திரையின் அடியில் 'கோப்பைச் சேமிக்கவும்' என்ற சின்னக் கட்டத்தில் தானாகவே விழுந்திருக்கும் டிக்கை ரீட்டா எடுத்தாள். எடுக்காவிட்டால் மென்பொருள் அந்தக் கோப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பிறகு அதே வரிகள் எங்கே வந்தாலும் காப்பி என்று காட்டும். அழிக்க முதல்வரின் கடிதம் வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன் பிளெஸ்ஸி தன் முதல் பிரதியைக் கொண்டுவந்திருந்தாள். தெரியாமல் எதுவும் காப்பியாகிவிடக் கூடாதே என்று பயம் அவளுக்கு. ஒருவருக்கு ஒருமுறைதான், துறைத்தலைவர் சொன்னால்தான் மறுமுறை என்பது விதி. பாவமாக இருந்ததால், பதிவேட்டில் எழுதாமல், ரீட்டா போட்டுப் பார்த்துக் கொடுத்தாள்.

அன்று மூன்று சதவீதம்தான் வந்தது.

அந்தச் சந்தோஷத்தில் இருவரும் தேநீர் குடிக்கப் போனார்கள். டிக் அப்படியே இருந்தது.